உறைந்தும் நிலைக்காத இரத்தம்

மதுரை மாநகரின் கிழக்குப் புறத்தில் இருப்பது வண்டியூர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எழுந்தருளும் ஊர் என்பதால் அதன் பெயரைத் தமிழ்நாட்டார் பலரும் அறிவர். அவ்வூருக்கு ஒரு கண்மாயும் உண்டு. வைகைச் சமவெளியில் உள்ள கண்மாய்களுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்று: அவற்றின் கரை மண்ணால் ஆனது, பெருமழைக் காலத்தில் உடைப்பெடுக்கக் கூடியது. உடைப்பு நேர்ந்தால் உழவர் என்ன செய்வர்? முள்ளையும் வைக்கோலையும் இட்டு, மண்மூட்டைகளை அடுக்கி, முதலில் நீரை மறிப்பர். நீர் நின்றுவிடும். ஆயினும் அனுபவம் முதிர்ந்தவர் அத்துடன் வீடு திரும்பமாட்டார். மேலும் மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுகச் செய்த பின்னரே திரும்புவார். இறுகாத மண் மாலையில் கரை போலவே தோன்றும். நள்ளிரவில் ஊறிக் கரைந்து போகும்.

நம் உடலிலும் இத்தகைய உடைப்படைப்பு வேலை நாள்தோறும் நடைபெறுகிறது. அங்கும் இறுக்கிக் கெட்டிப்படுத்துபவர் ஒருவர் உண்டு. அவர் இல்லாமற் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய இரத்தம் பிறருடைய இரத்தம் போலவே உறையும். ஆனால் உறைந்த கட்டி நிலைத்து நிற்காது. பதின்மூன்றாம் காரணிக் குறைவு என்று மருத்துவ நூல்கள் கூறும் அந்த நோயைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். உலகில் ஏறத்தாழ 20 இலட்சம் பேரில் ஒருவருக்கே வரக்கூடிய நோய் அது. அவ்வளவு அருமையான நோயைப் பற்றி மாணவர்கள் அறிந்து ஆவதென்ன என்று கேட்கலாம். நம் நாட்டுப் பகுதிகளில் அது அவ்வளவு அருமையானதன்று என்பதே விடை. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

முதலில் இரத்தம் உறையும் விதத்தைச் சிறிது பார்ப்போம். கத்தி பட்டு ஓர் இரத்தக் குழாய் அறுந்தால், அந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இவை நம் மண்மூட்டைகள். அதே வேளையில் இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் மிதந்துகொண்டிருக்கும் காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. இத்தூண்டுதலின் முடிவில் திராம்பின் என்னும் நொதி தோன்றுகிறது. பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் பைப்ரினோஜன் என்னும் புரதத்தைத் திராம்பின் பைப்ரின் என்ற நுண்ணிய நூல்களாக மாற்றுகிறது. நூல்கள் வலைபோற் பின்னிக்கொண்டு தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்து வைக்கின்றன. நீர்மமாக இருந்த இரத்தம் கூழாகிறது. பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. புதிதாகப் பின்னிய பைப்ரின் நூல்கள் வெறுமே ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. முடிச்சுப் போடாத வலை மீன் துள்ளினால் விலகிவிடுவது போல, அவையும் எளிதில் விலகக் கூடியவை. அப்போதுதான் பதின்மூன்றாம் காரணி வேலை தொடங்குகிறது. திராம்பினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து அதனைத் துயிலெழுப்புகின்றன. எழுந்ததும் அது ஒரு நூலையும் அடுத்த நூலையும் உறுதியான வேதிப் பிணைப்பால் கட்டுகிறது. இன்னொரு பணியும் அதற்கு உண்டு. உறைந்த இரத்தத்தைக் கரைப்பதற்கென்றே பிளாஸ்மின் என்னும் நொதி நம் உடலில் இருக்கிறது. வேலை முடிந்த கட்டி உரிய காலத்தில் கரைய வேண்டுமல்லவா? ஆனால் புண் ஆறுமுன் கரைந்தால் கேடு. எனவே பதின்மூன்றாம் காரணி, பிளாஸ்மினைத் தடுக்கும் ஒரு புரதத்தையும் கொண்டுவந்து பைப்ரின் நூலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. கரையை இறுக்கியதோடன்றிக் கரைமேல் ஒரு காவலாளையும் நிறுத்திவிட்டுச் செல்கிறது என்று சொல்லலாம்.

இப்பொருள் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1944ஆம் ஆண்டில் ராபின்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு வேறுபாட்டைக் கண்டார். தூய்மைப்படுத்திய பைப்ரினோஜனைக் கொண்டு உண்டாக்கிய கட்டி சில கரைசல்களில் கரைந்தது. இயல்பான பிளாஸ்மாவிலிருந்து உண்டான கட்டியோ கரையவில்லை. பிளாஸ்மாவில் ஏதோ ஒன்று கட்டிக்கு உறுதி தருகிறது என்பது தெளிவாயிற்று. ஹங்கேரியரான லாகி, லோராண்டு என்ற இருவரும் 1948இல் அந்த ஏதோ ஒன்றை மேலும் விளக்கினர். நெடுங்காலம் அஃது அவர்கள் பெயராலேயே வழங்கியது. எனினும் அது வெறும் ஆய்வுக்கூட விந்தையா, மனித உயிருக்கு இன்றியமையாததா என்னும் ஐயம் இருந்தது. 1960இல் ஸ்விட்சர்லாந்தில் டூக்கர்ட்டும் அவர் துணைவர்களும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினர். இரத்தப் பெருக்கினாலும் ஆறாத புண்களாலும் துன்புற்றவன் அவன். வழக்கமான சோதனைகளில் அவன் இரத்தத்தில் குறை ஒன்றும் தென்படவில்லை. அந்த உறுதிப்படுத்தும் பொருள் மட்டும் அவனிடம் இல்லை. ஐயம் தீர்ந்தது. சில ஆண்டுகளில் அதற்குப் பதின்மூன்று என்னும் எண்ணும் கிடைத்தது. வரிசையில் ஆறாம் எண் இன்றும் காலியாக உள்ளது. ஆறாவது என்று கருதிய பொருள் தனிப் பொருளன்று என்று பின்னர்த் தெரியவந்ததால் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டனர்!

இனி நோயின் குறிகளைக் காண்போம். முதற்குறி பெரும்பாலும் தொப்புளில் தோன்றும். குழந்தை நலமாகப் பிறக்கிறது; பால் குடிக்கிறது; உறங்குகிறது. சில நாட்கள் கழித்துத் தொப்புட்கொடி காய்ந்து விழும் வேளையில் அவ்விடத்தில் இரத்தம் கசியத் தொடங்குகிறது. துணியால் துடைத்தால் நிற்கிறது, மீண்டும் வருகிறது. ஒரு நாளில் முடியாமற் பல நாட்கள் தொடர்கிறது. இந்நோயுடையோரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு இவ்வாறு நிகழ்வதாக மருத்துவர் கணித்துள்ளனர். பிற உறைதற் குறைகள் பெரும்பாலானவற்றில் இவ்வளவு மிகுதியாகத் தொப்புளில் இரத்தம் வடிவதில்லை. நோய் தன் பெயரைத் தானே எழுதிக் காட்டுவது போன்ற குறி இது. ஆனால் நம் வீடுகளில் இதனைப் படிப்பவர் யார்? கொடியைச் சரியாகக் கட்டவில்லை என்று பேறு பார்த்தவரைக் குறைகூறுவர். யாரோ கண்ணேறு பட்டது என்பர். சாம்பலையோ மஞ்சளையோ அப்புவர். கசிவு எப்படியோ நிற்கும். நின்றதும் எல்லாரும் அதை மறந்துவிடுவர்.

பிறகு குழந்தை தவழ்கிறது, நடக்கிறது, விழுகிறது. சிறு அடிக்கெல்லாம் பெரிய கன்றிய திட்டுகள் தோன்றும். தசைக்குள் இரத்தம் கட்டி வீங்கும். உதடு கடிபட்டால் நெடுநேரம் வடியும். ஹீமோபீலியா என்னும் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் முழங்கால், முழங்கை முதலிய மூட்டுகளுக்குள் இரத்தம் பெருகி மூட்டைக் கெடுப்பதே பெருந்துன்பம். பதின்மூன்றாம் காரணிக் குறைவில் மூட்டுக்குள் பெருகுவது குறைவு. வேறொரு தனித்தன்மை இதற்குண்டு. இரத்தம் உடனே நின்றுவிடும். பலமணி நேரம் சென்று, சில வேளை மறுநாள், மறுபடியும் பெருகும். திமிசு போடாத கரையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் குலதெய்வக் கோயில்களில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துகிறோம். குத்தியபோது ஒரு துளி வந்து நின்றிருக்கும். விருந்து முடிந்து உறவினர் ஊர் திரும்பியபின், மறுநாட் காலையில் தலையணை நனைந்திருக்கலாம். பல் பிடுங்கிய பின்னும், சிறு அறுவை மருத்துவத்துக்குப் பின்னும் இவ்வாறே நேரக்கூடும். புண் ஆறுவதும் காலந்தாழ்த்தியே நடைபெறும். ஏனெனில், உறுதியான பைப்ரின் வலைதான் புதிய திசு படர்வதற்குப் பந்தல்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அது மூளைக்குள் இரத்தம் பெருகுவது. மருந்து பெறாத நோயாளிகளில் பத்தில் மூவர் அளவுக்கு இது நேர்கிறது. பிற உறைதற் குறைகளில் இவ்வளவு மிகுதி இல்லை. பெரிய விபத்து எதுவும் வேண்டா. திண்ணையிலிருந்து விழுந்ததே போதும். ஒன்றும் நேராமலே வருவதும் உண்டு. தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு என்று வரிசையாக வரும். தொப்புளில் கசிந்தபோது நோய் இன்னதென்று அறியப்பெறாத குழந்தையை ஐந்தாம் வயதிலோ பத்தாம் வயதிலோ இது கொண்டுபோய்விடக்கூடும்; பிழைத்தாலும் கையையோ காலையோ பேச்சையோ முடக்கிவிடக்கூடும். இதனாற்றான் அந்தத் தொப்புட் கசிவு அவ்வளவு மதிப்புடைய குறியாகிறது.

பெண்களுக்கு இந்நோய் மற்றுமொரு துன்பத்தையும் தருகிறது. ஹீமோபீலியா பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றும். இதுவோ ஆண் பெண் இருபாலாரையும் ஒப்பப் பற்றும். நோயுள்ள பெண் கருவுற்றால், கருப்பையோடு கரு ஒட்டியிருக்கும் இடத்தில் உறுதியான பிடிப்பு உண்டாவதில்லை. எனவே முதல் மூன்று திங்களுக்குள் கரு சிதைகிறது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பிள்ளை நிற்கவில்லை என்று ஊரார் சொல்லும் சொல்லைத் தாங்கிக்கொண்டு கோயில் கோயிலாகச் செல்லும் பெண்களுள், அருமையாகச் சிலருக்கேனும் காரணம் இரத்தத்தில் இருக்கிறது.

மருத்துவமனைக்குச் சென்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா என்று கேட்பீர்கள். இங்கேதான் இந்த நோயின் சூழ்ச்சி வெளிப்படுகிறது. இரத்தப் பெருக்கு என்று சென்றவுடன் மருத்துவர் செய்விக்கும் சோதனைகள் எல்லாம், இரத்தம் உறையத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையே அளப்பவை. முதல் பைப்ரின் நூல் தோன்றியதும் கடிகாரத்தை நிறுத்திவிடுவர். பதின்மூன்றாம் காரணியோ அதன் பிறகு வேலை செய்வது. ஆகவே எல்லாச் சோதனைகளும் சரியாகவே இருக்கும். தட்டணுக்களின் எண்ணிக்கையும் சரி. தாளில் எல்லாம் இயல்பு. தொட்டிலில் குழந்தை இரத்தம் வடித்துக்கொண்டிருக்கிறது! உயிர்ச்சத்துக் குறைவால் பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் பெருக்கும் ஒன்று உண்டு. கே என்னும் உயிர்ச்சத்தை ஊசியாற் கொடுத்தால் அது நின்றுவிடும். ஆனால் அதில் உறையும் நேரம் நீண்டு காணும். இங்கே நேரம் நீளவில்லை. உயிர்ச்சத்து கொடுத்தாலும் பயனில்லை. சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் இரத்தம் நில்லாமை ஒன்றே, பதின்மூன்றாம் காரணியை எண்ணிப் பார்க்கச் செய்ய வேண்டிய தடயம்.

எண்ணிவிட்டால் போதும், சோதிப்பது மிக எளிது. வண்டியூர் வயல்களில் நெல்லுக்கு இடும் யூரியாவை எல்லாரும் அறிவோம். அதே யூரியாவின் தூய வகையை நீரில் அடர்த்தியாகக் கரைத்து, நோயாளியின் பிளாஸ்மாவை உறையச் செய்து, அந்தக் கட்டியை அதிலே இட்டுவைப்பர். வேதிப் பிணைப்பால் இறுகிய கட்டி ஒரு நாள் முழுவதும் கிடந்தாலும் அப்படியே இருக்கும். பதின்மூன்றாம் காரணி இல்லாத கட்டி சில மணி நேரத்திற்குள், சில வேளை நிமிடங்களிலேயே, கரைந்து காணாமற் போகும். யூரியாவுக்கு மாற்றாக ஒருவகை அமிலக் கரைசலையும் பயன்படுத்துவர். விலை உயர்ந்த பொறி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு குறையும் உண்டு: காரணி ஏறத்தாழ அடியோடு இல்லாதபோதே கட்டி கரையும், அரைகுறையாக இருப்பவர்களை இச்சோதனை காட்டிக்கொடுக்காது. அத்தகையோரை அறியக் காரணியின் அளவையே நேராக அளக்கும் சோதனைகள் பெரிய ஆய்வுக்கூடங்களில் உள்ளன.

நோயின் காரணத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் காரணி இருவகைத் துண்டுகளால் ஆனது. வேலை செய்யும் துண்டு எலும்பு மச்சையில் பிறக்கும் அணுக்களில் உண்டாகிறது. அதனைச் சுமந்து காக்கும் துண்டு ஈரலில் உண்டாகிறது. பெரும்பாலான நோயாளிகளிடம் பழுதுபடுவது முதலாவதற்கு உரிய மரபணுவே. இது ஆறாம் நிறப்புரியில் உள்ளது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஒன்றோடொன்று உறவில்லாத எட்டு இந்திய நோயாளிகளிடம் இம்மரபணுவின் பழுதுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். (முதுமையில் உடலே தன் காரணிக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்வதாலும் இக்குறை வரலாம், அது வேறு கதை.)

ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு படிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு படி பழுதாக இருந்தாலும் மறுபடி போதிய காரணியைச் செய்துவிடும். அப்படிப்பட்டவர் நோயற்றவராகவே வாழ்வார். தாம் பழுதொன்றைச் சுமப்பதை அறியவும் மாட்டார். இரு படிகளும் பழுதாக அமைந்த குழந்தைக்கே நோய் வரும். எனவே தாய், தந்தை இருவருமே சுமப்பவராக இருந்தாக வேண்டும். தாயின் குற்றம் என்றோ, அவள் பிறந்த வீட்டின் குற்றம் என்றோ சொல்வதற்கு இதில் இடமே இல்லை. இருவர் பங்கும் சரிபாதி.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 20 இலட்சத்தில் ஒருவருக்கு நோய் என்றால், ஏறத்தாழ 700 பேரில் ஒருவர் பழுதைச் சுமப்பவர் என்று மரபியல் கணக்குக் காட்டும். அத்தகைய ஓர் இளைஞர் உறவில்லாத பெண்ணை மணக்கிறார். அவளும் சுமப்பவளாக இருக்க வாய்ப்பு 700இல் ஒன்று. இருவரும் சுமப்பவரானால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகப் பிறக்கும் குழந்தைக்கு 2,800இல் ஒன்றே ஆபத்து. அதே இளைஞர் தம் அக்காள் மகளை மணந்தால்? அக்காள் அப்பழுதைச் சுமக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவள் மகள் சுமக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் முப்பத்திரண்டில் ஒன்று. 2,800 எங்கே, பதினாறு எங்கே!

மதுரைச் சீமையில் தாய்மாமனுக்கு உள்ள உரிமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சீர் கொணர்வதும், காது குத்த மடியில் இருத்துவதும், மணமகனாக முதலில் எண்ணப்படுவதும் அவனே. சொத்துச் சிதறாமை, பழகிய வீட்டில் பெண் வாழ்தல் என்று இம்முறைக்கு நியாயங்கள் பல உண்டு. அவற்றை எள்ளுவது என் கருத்தன்று. உறவில் மணந்தோரின் மக்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர் என்பதும் உண்மை. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் கால் பங்கினருக்கு மேற்பட்டோர் உறவினரையே மணந்தவர்கள். உலகில் அருமையான நோய் நம்மிடையே ஏன் அவ்வளவு அருமையாக இல்லை என்பதற்கு விடை இதுவே. தொப்புளில் நெடுநாள் இரத்தம் வடிந்த குழந்தையோ, காரணமின்றித் தலைக்குள் இரத்தம் பெருகி மாண்ட குழந்தையோ குடும்பத்தில் இருந்ததுண்டானால், அக்குடும்பத்திற்குள்ளேயே மீண்டும் பெண் எடுக்குமுன் மரபியல் அறிந்த மருத்துவர் ஒருவரை நாடுவது தக்கது.

மருத்துவம் உண்டா? உண்டு, இந்நோயின் கொடுமையை நோக்க அது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இரத்தப் பெருக்கைத் தடுக்க நிறைவான அளவு காரணி வேண்டியதில்லை. இயல்பு அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தாலே பெரும்பாலும் போதும். அன்றியும் உடலில் செலுத்திய காரணி பாதியாகக் குறைய 9 முதல் 12 நாட்கள் ஆகின்றன. ஹீமோபீலியாவுக்குரிய எட்டாம் காரணியோ ஏறக்குறைய அரைநாளில் பாதியாகிவிடும். எனவே கடும் ஹீமோபீலியா உடையவர் வாரத்துக்கு இருமுறை மும்முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில், இவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல இளக்கும்போது அடியில் தங்கும் வீழ்படிவில் பதின்மூன்றாம் காரணி செறிந்திருக்கிறது. இரத்தக் கூறுகளைப் பிரிக்கும் வசதியுள்ள இரத்த வங்கிகளில் இதனை ஆக்கிக்கொள்ளலாம். திங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து ஓரிரு பை வீழ்படிவை ஏற்றிக்கொண்டு செல்லும் சிறுவன், பள்ளிக்கும் போகலாம், ஆடவும் செய்யலாம். பிறர் இரத்தத்திலிருந்து எடுப்பதாகையால் நோய்த்தொற்றுச் சோதனை கண்டிப்பாக வேண்டும். தூய்மைப்படுத்திய காரணி மருந்தும் மேல்நாடுகளில் கிடைக்கிறது. ஈஸ்டு நுண்ணுயிரைக் கொண்டு மனித இரத்தமின்றியே ஆக்கிய மருந்தொன்று 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விலை மட்டும் நம் எளிய மக்களுக்கு எட்டாத உயரம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும், தசையில் போடும் ஊசிகளையும் இவர்கள் தவிர்க்க வேண்டும்.

கருச்சிதைவால் வாடிய பெண்களுக்கும் இம்மருத்துவம் பயன் தருகிறது. கருவுற்ற தொடக்கத்திலிருந்தே காரணியை இடைவிடாது செலுத்தி வந்தால் கரு நிலைக்கிறது; பத்துத் திங்களும் நிரம்பிக் குழந்தை பிறக்கிறது.

ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பது தெரிந்துவிட்டால், அடுத்த குழந்தைக்காகத் தொப்புளில் கசியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்தவுடன் வெட்டிய கொடியின் இரத்தத்தில் சிறிது எடுத்து, உறையச் செய்து, யூரியாக் கரைசலில் இட்டுவிடலாம். இரவு முழுவதும் அந்தக் கண்ணாடிக் குழல் ஆய்வுக்கூடத்து மேசைமேல் நிற்கும். காலையில் வரும் மருத்துவர் அதனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கட்டி இருக்கிறதா, இல்லையா என்று.